முதல் மூன்று நாள் ஏர்சாஃப்ட் ஆட்டம்: அறிகுறியைக் கொண்டு கோளாறைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டி, முதலமடை வழியாகக் கொல்லங்கோட்டுக்குப் போகும் சாலையில், தெற்கே நெல்லியாம்பதி மலை மதில் போல எழுந்து நிற்கும். அந்த மலையடிவாரத்தில் ரப்பரும் தென்னையும் கலந்த ஒரு தனியார் தோட்டத்தில், மாசி மாதத்தில், எங்கள் குழு தன் முதல் மூன்று நாள் ஏர்சாஃப்ட் ஆட்டத்தை ஆடியது. நிஜத் துப்பாக்கி போலவே தெரியும், பெரும்பாலும் பேட்டரி மோட்டாரால் இயங்கும் துப்பாக்கியால் சிறு பிளாஸ்டிக் குண்டுகளைச் சுட்டு, அணி பிரிந்து ஆடும் விளையாட்டுதான் ஏர்சாஃப்ட். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து 7 பேரும், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதித் தமிழர்கள் 5 பேருமாக 12 பேர் போனோம். எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தென்னந்தோப்பில் மூன்று மணி நேரம் ஆடிப் பழகியவர்கள். இரண்டாம் நாள் காலை களத்தில் இறங்க முடிந்தவர்கள் 5 பேர் மட்டுமே. மீதி 7 பேரில் 2 பேருக்குப் பேட்டரி இல்லை, 2 பேருக்குக் கால் கொப்புளித்துவிட்டது, 2 பேர் தலைவலியோடு படுத்திருந்தார்கள். துப்பாக்கி பழுதாகி நின்றவர் ஒரே ஒருவர்.

குழுவின் பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது என்பதால், ஊர் திரும்பியபின் ஒவ்வொரு கோளாறாக எடுத்து அதன் வேரைத் தேடினேன். அந்த ஏழுக்கும் காரணம் தோட்டத்தில் தோன்றவில்லை. நாங்கள் வண்டி ஏறுவதற்கு முன்பே எங்கள் வீடுகளில் இருந்தது. ஆகவே கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் களத்தில் உடனே செய்ய வேண்டியதையும், அதே கோளாறை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடும் வழியையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வீட்டில் கண்டுபிடிக்கும் வழி பெரும்பாலும் ஒன்றுதான்: ஒத்திகை. ஆட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு, ஒரு சனிக்கிழமை மாலை 4 மணி முதல் ஞாயிறு காலை 10 மணி வரை, ஆட்டத்துக்குக் கொண்டுபோகப் போகும் அதே மூட்டையோடு, அதே காலணியோடு, அதே தண்ணீர்க் குடுவையோடு ஒரு தோப்பில் தங்குங்கள். இரவில் ஒரு முறையாவது எழுந்து இருட்டில் நடந்து வாருங்கள். மூன்று வாரம் என்று சொல்வதற்குக் காரணம், ஒத்திகையில் தெரிந்த குறையைச் சரிசெய்யப் பொருள் வாங்கவும், வாங்கியதை ஒரு முறை பயன்படுத்திப் பார்க்கவும் அவ்வளவு காலம் தேவை என்பதே.

துப்பாக்கியில் எந்தக் கோளாறைப் பார்ப்பதாக இருந்தாலும் முதலில் ஒரு வரிசையை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி முகத்தில் இருக்கட்டும். மேகசினை, அதாவது குண்டு நிரப்பிய கூட்டைக் கழற்றுங்கள். ஆளில்லாத பக்கம், தரையை நோக்கி, இரண்டு முறை ஒற்றைச் சுடுதலாகச் சுட்டு, குழலுக்குள் தங்கிய குண்டை வெளியேற்றுங்கள். அதன்பின் பேட்டரி இணைப்பைப் பிரியுங்கள். மேகசினைக் கழற்றிவிட்டதாலேயே துப்பாக்கி காலியாகிவிட்டது என்று நம்புவதுதான் இந்த விளையாட்டில் கண்ணைக் காவு வாங்கும் தவறு.

அறிகுறி: விசையை அழுத்தினால் சத்தமே வரவில்லை

பாதுகாப்புப் பொத்தானைப் பாருங்கள். தூக்கக் கலக்கத்தில் பாதிப் பேர் அதை விடுவிப்பதில்லை. அடுத்து பேட்டரியைச் செல் மீட்டரில் செருகுங்கள். நெல்லிக்காய் அளவுள்ள அந்த மீட்டர் விலை மலிவானது. ஆளுக்கு ஒன்று சட்டைப்பையில் இருக்க வேண்டும். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் ஒரு செல் முழுமையாக ஏறியிருந்தால் 4.2 வோல்ட் காட்டும். ஆகவே 7.4 வோல்ட் என்று எழுதிய இரண்டு செல் பேட்டரி 8.4 வோல்ட்டும், 11.1 வோல்ட் என்று எழுதிய மூன்று செல் பேட்டரி 12.6 வோல்ட்டும் காட்ட வேண்டும். ஏதேனும் ஒரு செல் 3.3 வோல்ட்டுக்கு அருகில் வந்துவிட்டால் அந்தப் பேட்டரியின் வேலை அன்றைக்கு முடிந்தது. 3 வோல்ட்டுக்குக் கீழே போன செல் கெட்டுப்போகும், அதை மறுபடி ஏற்றுவதும் ஆபத்து. செல்களுக்கு இடையே பெரிய வேறுபாடு தெரிந்தாலும் அந்தப் பேட்டரியை ஒதுக்கிவிடுங்கள்.

பேட்டரி நன்றாக இருந்தும் சத்தமில்லை என்றால் ஃபியூஸைப் பாருங்கள். பின்னர் இணைப்பு முனைகளை. முனையில் பச்சை பூத்திருந்தாலோ, ஒயர் பற்றவைத்த இடத்தில் ஆட்டம் கண்டிருந்தாலோ காரணம் அதுதான். பேட்டரியை இழுத்துப் பிரிக்கும்போது ஒயரைப் பிடித்து இழுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது கட்டாயம் வரும்.

எங்கள் இரண்டு பேருக்கு நேர்ந்தது இவற்றில் எதுவுமில்லை. அவர்களின் பேட்டரி வெறுமனே காலியாக இருந்தது. முதல் நாள் இரவு 12 பேர், ஆளுக்கு 2 பேட்டரி, மொத்தம் 24 பேட்டரிகளை ஜெனரேட்டரிலிருந்து வந்த ஒரே ஒரு நான்கு துளை எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஏற்றவேண்டியிருந்தது. 1300 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியை 1.3 ஆம்பியரில் ஏற்றினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். ஒரு நேரத்தில் நான்கு என்றால் ஏழு மணி நேர வேலை. ஜெனரேட்டரை இரவு 11 மணிக்கு நிறுத்திவிட்டார்கள். இந்தக் கணக்கு ஒரு தாளில் போட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். மின்சாரம் எத்தனை மணி நேரம் கிடைக்கும், ஆளுக்கு எத்தனை துளை என்று ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். மூன்று நாளுக்குத் தேவையான பேட்டரிகளை முழுவதும் ஏற்றியே கொண்டுபோவது இன்னும் நல்லது.

அவசரப்பட்டு ஆம்பியரைக் கூட்டி ஏற்றாதீர்கள். அன்றிரவு ஒரு பேட்டரி எண்ணெய்ச் சட்டியில் போட்ட பூரி போல உப்பத் தொடங்கியதை நான் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன்; வழவழப்பான உறை இறுகி, ஓரத் தையல் வெள்ளை கண்டு, லேசான இனிப்பு வாடை வந்தது. மாசி மாதத்தில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்திருக்கும். தரையெங்கும் கணுக்கால் உயரத்துக்குச் சருகு. அங்கே ஒரு பேட்டரி தீப்பிடித்தால் தோட்டமே போய்விடும். உப்பிய பேட்டரியின் இணைப்பைப் பிரித்து, சருகு கூட்டிய வெறுந்தரையில், மணல் கொட்டிய இரும்பு வாளியில் வைத்து விலகுங்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது. பேட்டரி ஏற்றும் இடத்தில் ஒருவர் கட்டாயம் விழித்திருக்க வேண்டும், பக்கத்தில் மணல் வாளி இருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் பேட்டரியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

அறிகுறி: மோட்டார் ஓடுகிறது, குண்டு வரவில்லை

மேகசினை வேறொன்றால் மாற்றிப் பாருங்கள். குண்டு வந்தால் கோளாறு துப்பாக்கியில் இல்லை. எங்கள் குழுவில் ஒருவருக்கு மூன்று மேகசின்களும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. ஒவ்வொரு மேகசினின் வாயையும் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தபோது, குண்டு ஏறிவரும் தடத்தின் விளிம்பில் தேங்காய் மட்டையின் நார் ஒரு இழை, தலைமயிர் பருமனில், குறுக்கே படிந்திருந்தது. தோப்பில் பழகுகிறவர்களின் பையில் இந்த நார் எப்போதும் இருக்கும். மேகசின்களை வாய் மேல்நோக்கி வைக்காமல், மூடியுள்ள உறையில் வாய் கீழ்நோக்கி வையுங்கள். கீழே விழுந்த குண்டைப் பொறுக்கி மீண்டும் நிரப்பாதீர்கள். அதில் ஒட்டிய ஒரு மணல் துகள் போதும், குழலின் உட்பக்கம் கோடு விழுந்துவிடும்.

மேகசின் மாற்றியும் வரவில்லையென்றால், குண்டுக்குச் சுழற்சி கொடுக்கும் ஹாப்-அப் அமைப்பின் திருகை முழுவதும் சுழியத்துக்குக் கொண்டுவந்து ஒரு முறை சுடுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் குழலில் அடைப்பு. பேட்டரியைப் பிரித்தபின், சுத்தம் செய்யும் கம்பியைக் குழல் முனை வழியாக மெதுவாகச் செலுத்தி, தங்கிய குண்டைப் பின்னோக்கித் தள்ளுங்கள். பலம் கொடுத்தால் ஹாப்-அப் ரப்பர் கிழியும். கம்பி இல்லாமல் களத்துக்குப் போகாதீர்கள். குடைக் கம்பியால் குத்திக் குழலைக் கெடுத்தவரை எனக்குத் தெரியும்.

மோட்டார் ஒரு முறை முனகிவிட்டு நின்றுவிட்டால் அது வேறு நோய். முழுதாக ஏறிய பேட்டரியை மாற்றி ஒரே ஒரு முறை முயன்று பாருங்கள். மறுபடியும் முனகினால் அத்துடன் விட்டுவிடுங்கள். மேலும் அழுத்தினால் ஒயர் சூடாகும், மோட்டார் கருகும். கியர்பாக்ஸைக் களத்தில் பிரிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து: உள்ளே இறுகி நிற்கும் ஸ்பிரிங் தெறித்தால் சிறு பாகங்கள் சருகுக்குள் போய்விடும், அவற்றை யாராலும் தேடி எடுக்க முடியாது. 12 பேருக்குப் பொதுவாக இரண்டு உபரித் துப்பாக்கிகள் கொண்டுபோனால் இந்தத் தலைப்பே தேவைப்படாது.

அறிகுறி: குண்டு வளைந்து போகிறது, எட்டவில்லை

ஹாப்-அப் என்பது குண்டுக்குப் பின்சுழற்சி கொடுக்கும் சிறிய ரப்பர் அமைப்பு. அந்தச் சுழற்சியால் குண்டுக்கு மேலே காற்று விரைந்தும் கீழே தயங்கியும் ஓட, குண்டு மேல்நோக்கித் தாங்கப்படுகிறது. சுழற்சி குறைந்தால் குண்டு சீக்கிரம் தரையில் விழும். மிகுந்தால் பாதி தூரத்தில் வானத்தை நோக்கி ஏறும். சுழியத்திலிருந்து தொடங்கி, 40 மீட்டர் தொலைவில் ஆள் உயரப் பலகை ஒன்றை வைத்து, குண்டு நேராகப் போய் முடிவில் மட்டும் மெல்லத் தாழும் நிலை வரை திருகைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். குண்டின் எடையை மாற்றினால் இதை மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

பக்கவாட்டில் வளைந்தால் முதலில் காற்றைச் சந்தேகியுங்கள், துப்பாக்கியைப் பிறகு. பாலக்காட்டுக் கணவாயின் வாயில் வாழ்கிற நமக்குக் காற்றைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆடியில் மேற்கிலிருந்தும், மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்தும் மலைகளின் இடைவெளியில் பிழிந்துகொண்டு வரும் காற்று, 0.20 கிராம் குண்டை இலவம்பஞ்சு போலத் தூக்கிக்கொண்டு போகும். கிழக்கு முகமாக நின்று சுட்டுப் பாருங்கள், பின்னர் வடக்கு முகமாகத் திரும்பிச் சுடுங்கள். திசை மாறியதும் வளைவும் மாறினால் குற்றம் காற்றினுடையது, 0.28 அல்லது 0.30 கிராம் குண்டுக்கு மாறுங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் குண்டு ஒரே பக்கமாக வளைந்தால் ஹாப்-அப் ரப்பர் கோணியிருக்கிறது அல்லது குழலில் எண்ணெய் படிந்திருக்கிறது. உலர்ந்த மெல்லிய துணியைக் கம்பியில் சுற்றி, துணி வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். ஆட்டத்துக்கு முந்தைய இரவு சிலிகான் எண்ணெயைக் குழலுக்குள் பீய்ச்சிவிட்டு வருகிறவர்களின் குண்டு காலையில் திசை தெரியாமல் அலைவது இதனால்தான்.

அறிகுறி: வேகச் சோதனையில் துப்பாக்கியை நிறுத்திவிட்டார்கள்

பெரிய ஆட்டங்களில் காலையில் ஒவ்வொரு துப்பாக்கியையும் குண்டின் வேகத்தை அளக்கும் க்ரோனோ கருவியில் சுட்டுப் பார்த்து, ஆற்றல் வரம்புக்குள் இருந்தால் அடையாளம் ஒட்டுவார்கள். 0.20 கிராம் குண்டு விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் சரியாக 1 ஜூல். அதே 1 ஜூல் ஆற்றலில் 0.28 கிராம் குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 84.5 மீட்டர் வேகத்தில்தான் போகும். இந்த இரண்டு எண்களும் தெரிந்தால் சோதனை மேசையில் தகராறு வராது. வரம்பு இடத்துக்கு இடம் மாறும்: ஜப்பானில் 2006-இல் 0.98 ஜூல் என்று சட்டமே வகுத்தார்கள். பிரிட்டனில் தொடர் சுடுதலுக்கு 1.3 ஜூல், ஒற்றைச் சுடுதலுக்கு 2.5 ஜூல். உங்கள் ஆட்டத்தின் வரம்பையும், எந்த எடைக் குண்டால் சோதிப்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காலையில் தேறிய கேஸ் கைத்துப்பாக்கி மதியம் தோற்றால் வியப்படைய வேண்டாம். அதில் அடைப்பது பெரும்பாலும் புரொப்பேன். 20 டிகிரியில் ஏறத்தாழ 8 பார் ஆக இருக்கும் அதன் அழுத்தம், 40 டிகிரியில் 13 பாரைத் தாண்டும். பாலக்காட்டு வெயிலில் இடுப்பில் தொங்கும் உறை அந்தச் சூட்டை எளிதில் எட்டும். ஒத்திகையில் உச்சி வெயிலில் அளந்து, அதற்கேற்பக் குறைந்த ஆற்றலில் அமைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை

மற்ற எல்லாத் தலைப்புகளையும் தாண்டிப் போனாலும் இந்த ஒன்றை நிதானமாகப் படியுங்கள்.

களத்தில் செய்ய வேண்டியது ஒன்றே: கையை உயர்த்தி, அவுட் என்று உரக்கச் சொல்லி, பார்வை இல்லாவிட்டால் அருகில் இருப்பவரின் தோளைப் பிடித்துக்கொண்டு பாதுகாப்பு எல்லைக்கு வெளியே வந்தபின் கழற்றுவது. ஒரு விநாடி தூக்கித் துடைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். முதல் நாள் மாலை ஓடைக் கரையில் என் பக்கத்தில் படுத்திருந்த, எங்கள் குழுவிலேயே இளையவனான தம்பி, கண்ணாடியின் கீழ் விளிம்பில் கட்டைவிரலை விட்டு மேலே நெம்பத் தொடங்கினான். வியர்வையில் நனைந்த நுரைப்பட்டை கன்னத்திலிருந்து பிரியும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் உள்ளங்கையால் அதை முகத்தோடு அழுத்திய அடுத்த கணம், எங்கள் தலைக்கு மேலிருந்த தென்னை மட்டையில் குண்டுகள் சடசடவென்று விழுந்தன. அவனுக்குக் கோபம், எனக்குக் கை நடுக்கம் நிற்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

ஆவி படிவதற்குக் காரணம் முகத்தின் சூடும் வியர்வையும் காற்றோட்டமில்லாத கண்ணாடியில் தேங்குவது. ஓடும்போது தெரியாது, ஓடி வந்து ஒரு மரத்தடியில் நின்ற இரண்டாவது நிமிடத்தில் தெரியும். முகத்தின் கீழ்ப்பாதியைத் துணியால் கட்டுகிறவர்களுக்கு மூச்சு முழுவதும் மேலே ஏறி இன்னும் விரைவில் படியும். மூக்குக்குக் கீழே துணியைத் தளர்த்தினால் பாதி சரியாகிவிடும். இரட்டை அடுக்கு ஆடியுள்ள கண்ணாடியும், ஆவி தடுக்கும் திரவமும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பார்வைக் கண்ணாடி அணிபவர்கள் அதன் மேல் அணியக்கூடிய அகலமான வகையை ஒத்திகையில் இரண்டு மணி நேரம் போட்டு ஓடிப் பார்த்தே வாங்க வேண்டும். ஆவி படியாது என்பதற்காகக் கம்பி வலைக் கண்ணாடிக்கு மாறுகிறவர்கள் பலர். அருகிலிருந்து பட்ட குண்டு வலையில் உடைந்து சில்லாக உள்ளே வரக்கூடும் என்பதால், நான் அதை யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

வாங்கும்போது கண்ணாடியின் மேல் பொறித்திருக்கும் குறியைப் பாருங்கள். ஐரோப்பிய இஎன் 166 தரத்தில் 'எஃப்' என்ற எழுத்து, 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு விநாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் மோதினால் தாங்கும் என்பதைக் குறிக்கும். 'பி' என்ற எழுத்து 120 மீட்டர் வேகத்தைக் குறிக்கும். அந்த எஃகுக் குண்டின் எடை 0.86 கிராம். கணக்குப் போட்டால் 'எஃப்' ஏறத்தாழ 0.87 ஜூல், 'பி' ஏறத்தாழ 6.2 ஜூல். களத்தின் வரம்பு 1 ஜூல் என்றாலே 'எஃப்' குறியுள்ள கண்ணாடி போதாது என்பது இதிலிருந்து விளங்கும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், எந்தக் குறியும் இல்லாத வெல்டிங் பட்டறைக் கண்ணாடியோடு வந்தவரை எங்கள் குழுவில் இப்போது வண்டியில் ஏற்றுவதில்லை.

அறிகுறி: தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு, சிறுநீர் அடர்மஞ்சளாகப் போகிறது

எங்கள் 2 பேர் படுத்தது இதனால். முதல் நாள் முழுவதும் ஆளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கவில்லை. தாகம் எடுக்கவில்லை என்றார்கள். கணவாய்க் காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் எவ்வளவு நீர் போகிறது என்று உடம்புக்கே தெரிவதில்லை. வெயிலில் ஓடியாடும்போது தாகத்துக்குக் காத்திராமல் மணிக்கு முக்கால் லிட்டர் அளவில், கால் மணிக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். ஒரே மூச்சில் அளவுக்கு மிஞ்சி வெறும் தண்ணீரைக் குடிப்பதும் கேடு. மணிக்கு 1.4 லிட்டரைத் தாண்டக் கூடாது.

அறிகுறி தெரிந்தவுடன் நிழலில் அமர்த்தி, ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுவதும் கரைத்துக் கொடுங்கள். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். உப்புப் போட்ட நீர்மோர் மிக நல்லது. இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் குறைவு. எனவே இளநீர் மட்டும் குடித்தால் பிடிப்பு நிற்காது, உப்பிட்ட எதையாவது சேர்த்துச் சாப்பிட வேண்டும். உடம்பு கொதித்து, பேச்சு குழறி, ஆள் தடுமாறினால் அது வெப்பத் தாக்கு. அப்போது காத்திருக்காமல் உடையைத் தளர்த்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். எல்லையின் இரு பக்கமும் அதே எண்தான். தோட்டத்தின் நுழைவாயிலை ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு மலையாளத்தில் சொல்லத் தெரிந்தவர் யார் என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்.

அறிகுறி: கால் எரிகிறது, நடக்க முடியவில்லை

புதுக் காலணி. வேறு காரணம் தேட வேண்டியதில்லை. எரிச்சல் தொடங்கிய நிமிடமே உட்கார்ந்து, அந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டி, உலர்ந்த காலுறைக்கு மாறினால் கொப்புளம் எழாது. ஆட்டம் முடியட்டும் என்று பொறுத்தால் மறுநாள் இல்லை. தொடை இடுக்கில் உராய்வுக்குத் தேங்காய் எண்ணெய் போதும். காலணியைக் காலையில் போடும்முன் கவிழ்த்துத் தட்டுங்கள். இரவில் டார்ச் இல்லாமல் ஓர் அடியும் வைக்காதீர்கள். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் உள்ள நிலம் இது, சருகில் அவை கண்ணுக்குத் தெரியா. கடித்துவிட்டால் கட்டுப் போடவோ கீறவோ கூடாது. ஆளை அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும். அது எந்த மருத்துவமனை என்பதைப் புறப்படும் முன்பே தொலைபேசியில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: இரவில் தூக்கமே இல்லை

கூடாரம் போட்ட இடம் தவறு. நாங்கள் சமதளமாக இருக்கிறதே என்று தென்னைக்கு அடியில் கூடாரம் அடித்தோம். தோட்டத்துப் பெரியவர் வந்து பார்த்துவிட்டு, "கண்ணு, தென்னைக்கு அடியில தலைய வெச்சுப் படுக்கறாங்களா? எடுங்க எடுங்க" என்று அவரே முளைக்குச்சியைப் பிடுங்கினார். அன்றிரவு அதே இடத்தில் ஒரு மட்டை விழுந்தது. ரப்பர் வரிசைக்குள்ளும் வேண்டாம். பால் வெட்டும் மரங்களில் கட்டியிருக்கும் கொட்டாங்குச்சிகளில் நீர் தேங்கினால் கொசு பெருகும். திறந்த மேட்டில், காற்றுக்கு முதுகு காட்டி, கயிறு நான்கையும் இழுத்துக் கட்டுங்கள். மலையடிவாரத்தில் யானை இறங்கும் என்பதால் பலாப்பழம், வாழைப்பழம் எதையும் கூடாரத்துக்குள் வைக்காமல், ஏற்பாட்டாளர் கட்டிய எல்லைக் கயிற்றை இரவில் தாண்டாமல் இருங்கள்.

அறிகுறி: வாக்கி-டாக்கியில் பேசுவது புரியவில்லை

இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த ஆற்றலில் இயங்கும் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை. மற்ற அலைவரிசைகளில் இயங்கும் கருவியை மலிவு என்று வாங்கிப் போகாதீர்கள். கேட்கவில்லை என்றால் ஒரு மேட்டுக்கு ஏறிப் பேசுங்கள், பேட்டரியை மாற்றுங்கள்.

எங்களுக்குக் கேட்டது, புரியவில்லை. எங்களோடு சேர்த்து ஒரே அணியில் போட்ட பாலக்காட்டுக் குழுவினர் "படிஞ்ஞாறு பக்கம் போங்கள்" என்று மலையாளத்தில் சொன்னபோது, கிழக்கும் தெற்கும் வடக்கும் இரு மொழியிலும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால் இதுவும் ஏதோ ஒரு இடத்தின் பெயர் என்று எண்ணி எங்கள் பொள்ளாச்சி ஆட்கள் அப்படியே நின்றார்கள். அது மேற்கு. கொழிஞ்சாம்பாறைத் தம்பிகள் அருகில் இல்லாத அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு கொடியை இழந்தோம். முதல் நாள் மாலையே உட்கார்ந்து, திசை, எண், 'நில்', 'பின்வாங்கு', 'காயம்' ஆகியவற்றுக்கு ஒரே சொல்லை முடிவு செய்யுங்கள். உண்மையான காயத்துக்கு விளையாட்டில் வேறெங்கும் வராத ஒரு சொல் வேண்டும்.

அறிகுறி: சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்திவிட்டார்கள்

பயப்பட வேண்டாம், வாதாடவும் வேண்டாம். தூரத்திலிருந்து பார்க்கும் காவலருக்கு இது நிஜத் துப்பாக்கியாகவே தெரியும். அவர் மனத்தில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும்தான் இருக்கும். துப்பாக்கி பூட்டிய பையில், டிக்கியில், மேகசினும் பேட்டரியும் தனித்தனியாக, நிஜத் துப்பாக்கி அல்ல என்று காட்டும் ஆரஞ்சு முனை கழற்றாமல் இருக்க வேண்டும். காவல்துறைக்குத் தெரிவித்து வாங்கிய அனுமதியின் நகலையும், வாங்கிய ரசீதையும், ஏற்பாட்டாளரின் கடிதத்தையும் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே உறையில் வைத்திருங்கள். அனுமதி நகலைக் காட்டாத ஏற்பாட்டாளரிடம் முன்பணம் கட்டாதீர்கள். வழியில் டீக்கடையில் நிறுத்தும்போது உருமறைப்பு உடையோடு இறங்காதீர்கள், பையைத் திறந்து யாருக்கும் காட்டாதீர்கள்.

அறிகுறி: அடுத்த ஆட்டத்துக்கு எடுத்தபோது எதுவும் வேலை செய்யவில்லை

போன ஆட்டத்திலிருந்து வந்த இரவில் களைப்பில் மூட்டையை அப்படியே பரணில் ஏற்றியிருப்பீர்கள். குளிப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள்: மேகசின்களைக் காலி செய்யுங்கள். ஹாப்-அப்பைச் சுழியத்துக்குத் திருப்புங்கள். ஒற்றைச் சுடுதலாக ஒரு முறை வெறுமனே சுட்டு ஸ்பிரிங் தளர்ந்த நிலையில் விடுங்கள். பேட்டரிகளைச் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி, இரும்புப் பெட்டியில், சமையலறைக்கும் பூஜை அறைக்கும் தொலைவாக வையுங்கள். கண்ணாடியைக் குழாய் நீரில் கழுவி, துடைக்காமல் நிழலில் உலர்த்துங்கள். செம்மண் புழுதியோடு துடைத்தால் ஆடியெங்கும் கீறல் விழும். காலணிக்குள் பழைய தினத்தாளைத் திணித்துத் திண்ணையில் வைத்தால் மறுநாள் மாலைக்குள் ஈரம் போய்விடும்.